மெழுகு மன்னரின் பந்தி

நலம் நிறைக. பவழத்துறை நாட்டின் கரைகளில் அலை அடங்கி வருக. ஏரிகள் நிரம்பி மதகுகள் பாடுக. உப்பளங்களில் வெயில் குறையாதிருக்க. ஆழித்துறையில் வீற்றிருந்து தீவுகளுக்கும் திட்டுகளுக்கும் வெண்குடை நிழல் தரும் அரசி வெண்ணிலங்கோதை தேவியார் திருவடிகளுக்கு, தேவியாரின் ஆணையால் வடகடல் கடந்து வால்மேரா நாட்டில் தங்கியிருக்கும் தூதன் குமிழூர்ச் சேந்தன் ஆதி, ஏரிக்கரைத் தலைநகரமான எஸ்தெரனிலிருந்து வணங்கி எழுதும் ஓலை.

இந்நாட்டு மன்னர் ஒத்மாருக்குத் தேவியார் எழுதிய நட்போலையை அடியேன் யாரிடம் கொடுத்தேன், ஏன் ஒரு குளிர்காலம் முழுவதும் கொடுக்காமல் வைத்திருந்தேன் என்பதைத் தெரிவிப்பது என் கடமை. விளக்கம் நீளும். தறியில் எந்தக் கயிறு எதை இழுக்கிறது என்று பார்க்காமல் துணியைப் பற்றிப் பேச அடியேனுக்கு வராது என்பதைத் தேவியார் அறிவார்கள், பொறுத்தருள வேண்டும்.

பயணத்தின் கடைசிப் பகுதி எனக்குக் கனவைப்போலவே நினைவிருக்கிறது. குளிர்காலத்தில் இந்நாட்டின் மழை நீராக விழுவதில்லை. வெடித்த இலவங்காயின் பஞ்சு பறப்பதுபோல் ஓசையின்றி இறங்கி, கூரைகளையும் வழிகளையும் மரங்களையும் ஒரே வெண்மையில் மூடிவிடுகிறது. பகற்சூரியன் நிலவைப்போல் வெளுத்திருக்கிறது. ஏரி உறைந்து கிடக்க, அதன் மேல் மனிதர்கள் வண்டி ஓட்டிப் போகிறார்கள். நாங்கள் நகருக்குள் நுழைந்தபோது கோயில் மணிகளின் நாக்குகளுக்குத் துணி சுற்றியிருந்தார்கள். மணி ஆடியது, ஒலி வரவில்லை, நெஞ்சுக்குள் ஓர் அதிர்வு மட்டும் வந்தது. அது துக்கத்தின் அடையாளம் என்பதை அடியேன் அறியவில்லை.

எனக்கு மொழிபெயர்க்க வந்தவர் பென்னோ என்னும் வணிகர். இளமையில் நம் ஆழித்துறையில் மிளகு வாங்கிப் பல ஆண்டுகள் தங்கியவர். துறைமுகத்துச் சுமைகாரர்களிடம் தமிழ் கற்றதால் அவர் பேச்சில் மரியாதை குறைவு, கிண்டல் மிகுதி. அவர் என்னை நேரே அரண்மனையின் பெருங்கூடத்துக்கு அழைத்துச் சென்றார். உணவு வேளை. உயர்ந்த மேசையில் மன்னர் ஒத்மார் தலையில் முடியோடும் கன்னத்தில் மெல்லிய சிவப்போடும் அமர்ந்திருந்தார். அவருக்கு இடப்பக்கம் அரசி ரிக்கெந்தா அமர்ந்து ரொட்டி அறுத்துக்கொண்டிருந்தார். அடியேன் தரையில் விழுந்து வணங்கி, தேவியாரின் பட்டங்களை ஒன்றும் விடாமல் சொல்லி, எழும்படி மன்னர் காட்டும் குறிப்புக்காகக் காத்துக் கிடந்தேன். குறிப்பு வரவில்லை. பென்னோ குனிந்து காதருகே சொன்னார்:

“கும்பிட்டது போதும், எழுந்திருங்க ஐயா. அவர் போன மாசமே செத்துட்டார்.”

மேசையில் இருந்தது மெழுகு உருவம். இனி அதன் முறையைச் சொல்கிறேன்.

மன்னர் இறந்த உடனே, முகம் தளர்வதற்குள், ஈரச் சுண்ணச்சாந்தை முகத்தில் அப்பி அச்சு எடுக்கிறார்கள். அந்த அச்சில் தேன்மெழுகை உருக்கி, சிறிது செந்தூரம் கலந்து ஊற்றுகிறார்கள். சிவப்பு கூடினால் குடிகாரர்போலவும் குறைந்தால் நோயாளிபோலவும் தோன்றும் என்பதால், மன்னரை நாள்தோறும் மழித்த நாவிதரை அருகில் வைத்துக்கொண்டே கலக்கிறார்கள். தாடிக்கு மன்னரின் சொந்த மயிர். உடல், பிரம்புக் கூட்டில் வைக்கோல் அடைத்தது. உண்மையான உடலோ நறுமணப் பொருள்களோடு ஈயப் பேழையில் மூடப்பட்டுக் கோயிலின் நிலவறையில் காத்திருக்கிறது. மெழுகு உருவத்துக்கு நாள்தோறும் பந்தி நடக்கும். கை கழுவ நீர் ஊற்றுவார்கள், துண்டு நீட்டுவார்கள், நஞ்சு உண்டா என்று ஒருவர் முதலில் சுவைப்பார், கிண்ணத்தில் மது ஊற்றுவார்கள். பிறகு எல்லா உணவையும் வாயிலில் நிற்கும் ஏழைகளுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

இது பித்து என்றே அடியேனும் முதலில் எண்ணினேன். ஆனால் அதன் உட்பொறியைப் புரிந்துகொண்டபோது வியப்பு மேலிட்டது. நம் நெசவாளர் பழைய பாவு முடியுமுன் அதன் ஒவ்வோர் இழையோடும் புதிய பாவின் இழையை முறுக்கிப் பிணைத்துவிடுகிறார்கள். அதனால் தறி ஒருபோதும் வெறுமையாவதில்லை. இந்நாட்டில் ஒரு மன்னர் இறந்து அடுத்தவர் முடிசூடும் வரையுள்ள இடைவெளியில்தான் கோமகன்கள் கோட்டைகளை மூடிக்கொண்டு போரிட்டு, பலமுறை நாட்டை எரித்திருக்கிறார்கள். ஆகவே முன்னோர் அந்த இடைவெளியில் மெழுகை இட்டு நிரப்பினார்கள். மெழுகு மன்னர் பந்தியில் அமர்ந்திருக்கும் வரை பழைய மன்னர் ஆள்வதாகவே சட்டம் கொள்கிறது. அடக்கம் நடக்கும் நாளில் அந்த உருவம் அகற்றப்பட, அதே மூச்சில் புதிய மன்னரின் பெயர் கூவப்படுகிறது. தறி நிற்பதில்லை.

இதிலிருந்து இன்னொரு விதி பிறக்கிறது. ஒரு கூடத்தில் இரண்டு அரசர் இருக்கலாகாது. ஆகவே பட்டத்துக்கு உரியவர், மெழுகு உருவம் அகற்றப்படும் வரை பெருங்கூடத்தில் கால் வைக்கக்கூடாது. வைத்தால் உரிமையே போய்விடும். ஒத்மாரின் ஒரே மகள் ஓதிலியா இதனால் வடக்குக் கோபுரத்தின் மேல்மாடத்தில் இருந்தார். கீழே பந்தியை நடத்தியவர் மன்னரின் தம்பி, கோமகன் கெர்வாஸ். அவரே அரசரின் கிண்ணம் ஏந்தும் உரிமை உடையவர்.

சிக்கல் இங்கேதான். அடக்கத்துக்கு நாள் குறிக்க மன்னர் ஒருவருக்கே அதிகாரம் உண்டு. முந்தைய மன்னர்கள் எல்லாரும் படுக்கையில் கிடந்தபோதே நாளைச் சொல்லிவிட்டுப் போனார்கள். ஒத்மார் வேட்டையில் குதிரையிலிருந்து விழுந்து, ஒரு சொல்லும் சொல்லாமல் இறந்தார். சொல்ல வேண்டியவர் மெழுகாக அமர்ந்திருந்தார்.

கெர்வாஸ் அறிவாளி, சிரித்த முகத்தவர். உணவுக்குப் பின் துண்டு நீட்டியதும் மேசையருகே வந்து விண்ணப்பம் சொல்வது இந்நாட்டுப் பிரபுக்களின் பழைய உரிமை. மெழுகு மன்னரிடமும் மரியாதைக்காக விண்ணப்பங்களைப் படிப்பார்கள். விடையை எவரும் எதிர்பார்ப்பதில்லை. ஒரு நாள் கெர்வாஸ் ஆற்றுப்பாலத்துச் சுங்கம் தமக்கு வேண்டும் என்று விண்ணப்பித்துவிட்டு, சற்று நேரம் நின்று, அவையைப் பார்த்துத் திரும்பினாராம். வேண்டாம் என்று நினைத்தால் தம் அண்ணன் வாழ்நாளில் ஒருபோதும் வாயை மூடிக்கொண்டு இருந்ததில்லை என்றும், ஆகவே இந்த அமைதியை இசைவு என்றே கொள்ளவேண்டும் என்றும் சொன்னாராம். ஒத்மார் உரத்த குரலில் திட்டும் பழக்கம் உள்ளவர் என்பதால் அவை முழுவதும் சிரித்ததாம். சிரித்தவர்கள் மறுக்கவில்லை. மறுநாள் ஒருவர் மாவரைக்கும் ஆலை ஒன்றைக் கேட்டார். வேறொருவர் காட்டைக் கேட்டார். பேராயரே திராட்சைத் தோட்டம் ஒன்றைக் கேட்டார். மெழுகு மன்னர் எதையும் மறுக்கவில்லை. உலகில் இத்தனை கொடைக் குணமுள்ள அரசர் இருந்ததில்லை என்று பென்னோ சொல்லிச் சிரித்தார். அவரும் ஒரு கம்பளிக் கடை உரிமையைக் கேட்டுப் பெற்றிருந்தார்.

இவ்வாறு எல்லாரும் ஒரே கயிற்றில் கட்டுண்டார்கள். அமைதி இசைவல்ல என்று எவர் சொன்னாலும் அவருடைய ஆலையும் காடும் அன்றே போய்விடும்.

நட்போலையை மெழுகின் கையில் வைத்துவிடும்படி கெர்வாஸ் என்னிடம் இனிமையாகக் கேட்டார். கடற்பயணத்தில் முத்திரை ஈரமாகிவிட்டது, உலரும் வரை பொறுக்கவேண்டும் என்று விடை சொன்னேன். இந்நாட்டுக் குளிரில் எதுவும் எளிதில் உலர்வதில்லை. அதை அவரும் அறிவார். மேலும் வற்புறுத்தவில்லை.

பிறகு ஓதிலியாவைக் காணக் கோபுரம் ஏறினேன். முப்பதை நெருங்கும் வயது. தந்தையின் உரத்த குரல். சாளரத்துக்கு வெளியே பனி விழுந்துகொண்டே இருக்க, அவர் ஒரு பெரிய நாட்டுப்படத்தின் மேல் முழங்கை ஊன்றி நின்றார். தம்மை அரசி என்று வெளிப்படையாக வணங்க முடியுமா என்று கேட்டார். ஓலை ஒத்மாரின் பெயருக்கு எழுதப்பட்டது, அவர் சட்டப்படி இன்னும் ஆள்கிறார் என்றேன். கடலைக் கடந்து வந்த ஓலையும் மெழுகுக்குத்தானா என்று கேட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். பனி உடையும் திருநாளில், அதாவது ஏரியின் உறைபனி வெடிக்கும் நாளில், கெர்வாஸ் கடைசி விண்ணப்பத்தைச் சொல்லப்போவது அவருக்குத் தெரிந்திருந்தது: முடி கெர்வாஸின் வழிக்குப் போகவேண்டும், ஓதிலியா கன்னிமடம் புகவேண்டும். மெழுகு மறுக்காது.

தந்தையின் இரண்டாம் மனைவியான சிற்றன்னை ரிக்கெந்தாவிடம் உதவி கேட்கலாமே என்று அடியேன் சொன்னேன். ஓதிலியா அவரை அந்த முறையில் அழைத்ததே இல்லை. விருந்தாளி அம்மாள் என்றே குறிப்பிடுவார். விருந்தாளி அம்மாளுக்குத் தந்தை உயிரோடு இருந்தபோதைவிட இப்போதுதான் சௌகரியம், திட்டுவதில்லை, குறட்டை விடுவதில்லை, நாற்காலியும் பறிபோவதில்லை என்றார். கசப்பான சொல்; ஆனால் அதில் ஓர் உண்மை இருந்தது. அந்த உண்மையை ரிக்கெந்தாவே பின்னர் என்னிடம் சொன்னார்.

ஒரு மங்கலான பிற்பகலில், பந்தி முடிந்த கூடத்தில், அவர் என்னை அழைத்து நம் நாட்டைப் பற்றிக் கேட்டார். பனி விழாத ஊரில் மனிதர்கள் காலத்தை எப்படி அறிகிறார்கள் என்று கேட்டார். காற்றின் திசையால், மீனின் வகையால், பூக்கும் மரத்தால் என்றேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு அவரே தம் நிலையை விளக்கினார். மெழுகு மன்னர் உண்ணும் வரை அவர் அரசி. ரொட்டி அறுப்பதும், சாவிகளை இடுப்பில் வைத்திருப்பதும், அந்த நாற்காலியில் அமர்வதும் அதுவரைதான். அடக்கம் நடந்த அன்று மாலையே, பிள்ளை பெறாத அரசி, உடுத்திய ஆடையோடு அரண்மனையை விட்டு வெளியேற வேண்டும் என்பது இந்நாட்டு வழக்கம். திரும்பிப் போகப் பிறந்த வீடும் இல்லை. பழைய போர் ஒன்றில் அது எரிந்துபோயிற்று. அமைதியாக அமர்ந்திருந்தால் போதும், வாழ்நாள் முழுவதும் அரசியாகவே வைத்திருப்பேன் என்று கெர்வாஸ் வாக்களித்திருந்தார். இதைச் சொல்லும்போது அவர் அழவில்லை. மெழுகு மன்னரின் தாடியில் ஒட்டியிருந்த ரொட்டித் தூளைத் தட்டிவிட்டார்.

அவரை அடியேன் எதுவும் கேட்டுக்கொள்ளவில்லை. தேவியாரின் தூதன் பிறர் வீட்டு அடுப்பில் விறகு தள்ளக்கூடாது என்பதே எனக்கு இடப்பட்ட கட்டளை.

ஏரி வெடித்தது. இடி நிலத்துக்கு அடியில் உருள்வதுபோன்ற ஓசை காலை முழுவதும் கேட்டது. பெருங்கூடத்தின் உயர்ந்த சாளரங்களில் வழிந்த நீரின் நிழல் சுவர்களில் ஆடியது. கூடமே தண்ணீருக்கு அடியில் இருப்பதாகத் தோன்றியது. வெளியே முதல் வெயில். அதன் இளஞ்சூட்டில் மெழுகு முகம் வியர்த்ததுபோல் மின்னியது. பிரபுக்கள் எல்லாரும் புதிய ஆடைகளில் வந்திருந்தார்கள். கெர்வாஸ் விண்ணப்பச் சுருளைக் கையில் வைத்திருந்தார்.

பந்தியின் ஒழுங்கை இங்கே நினைவூட்ட வேண்டும். விண்ணப்பங்கள் துண்டு நீட்டிய பிறகே. அதற்கு முன்னர் மேசையில் பேசும் உரிமை வீட்டாருக்கு மட்டுமே உண்டு: ரொட்டி போதுமா, உப்பு சரியா, சாளரத்தை மூடவா என்பன போன்ற பேச்சுகள். மன்னர் இறந்த பின்பு ரிக்கெந்தா அந்த உரிமையைப் பயன்படுத்தியதே இல்லை. அன்று துண்டு ஏந்தியவர் அடியெடுத்து வைத்தபோது, அவரைக் கையால் நிறுத்தினார். நாற்காலியை மெழுகின் பக்கம் திருப்பிக்கொண்டார். அரசவை மொழியை விட்டு, கணவனும் மனைவியும் தனித்துப் பேசும் மொழியில் பேசினார். கூடம் அடங்கியிருந்ததால் ஒவ்வொரு சொல்லும் கேட்டது. பென்னோ எனக்குச் சொன்னபடியே எழுதுகிறேன்:

“குளிர்காலம் முழுக்க உட்கார்ந்தே இருக்கீங்க. களைச்சுப் போயிருப்பீங்க. உங்க அப்பா அம்மா பக்கத்துல உங்களுக்கு இடம் வெட்டி வச்சிருக்கு. இன்னைக்கே கொண்டுபோய் அடக்கம் பண்ணிடவா? வேண்டாம்னா இப்பவே சொல்லிடுங்க.”

பிறகு காத்திருந்தார்.

தேவியாரே, அந்த அமைதியை எழுத என்னிடம் எழுத்து இல்லை. ஏரியில் பனிப்பாளங்கள் ஒன்றோடொன்று உரசும் ஓசை மட்டும் தூரத்தில் கேட்டது. சுவரில் நீர் நிழல் ஆடியது. மெழுகு மன்னர் எப்போதும்போல் சற்றுத் தாழ்ந்த பார்வையோடு, எதையோ நினைவுகூர முயல்பவர்போல் அமர்ந்திருந்தார். எல்லாரும் அவர் வாயையே பார்த்தோம். வெட்கத்தோடு சொல்கிறேன், அவர் பேசிவிடுவாரோ என்று அடியேனும் எதிர்பார்த்தேன்.

முதலில் பேசியவர் கெர்வாஸ். சிரித்த முகத்தோடே அண்ணியாரைப் பார்த்து, இன்றிரவு எங்கே படுப்பது என்பதை யோசித்துவிட்டுத்தான் கேட்டீர்களா என்று வினவினார். ரிக்கெந்தா திரும்பாமலே விடை சொன்னார்:

“யோசிச்சாச்சு. குளிர்காலம் நீளம்தானே.”

கெர்வாஸ் அவையை நோக்கித் திரும்பினார். மெழுகு பேசாது என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும். ஆனால் அந்தச் சொல்லால் பாலத்துச் சுங்கம் போகும். ஆலை போகும், காடு போகும், திராட்சைத் தோட்டம் போகும். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். ஒவ்வொரு முகமும் தன் ஆலையை நினைத்துக்கொண்டிருந்தது. வயது முதிர்ந்த பேராயர்தான் இறுதியில் கோலை ஊன்றி எழுந்தார். வேண்டாம் என்று நினைத்தால் நம் மன்னர் வாயை மூடிக்கொண்டு இருப்பவர் அல்லர் என்பதைக் கோமகனே நமக்குக் கற்பித்தார் என்றார். ஆகவே மன்னர் இசைந்தார் என்று அறிவித்தார். எவரும் மறுக்கவில்லை. விண்ணப்பச் சுருள் பிரிக்கப்படாமலே கெர்வாஸின் கையில் இருந்தது.

அன்றே அடக்கம் நடந்தது. அரண்மனை அதிகாரிகள், பழைய மன்னரிடம் தம் பணி முடிந்ததன் அடையாளமாக, தத்தம் வெண்கோல்களை முறித்துக் குழியில் இட்டார்கள். மணிகளின் நாக்குகளிலிருந்து துணி அவிழ்க்கப்பட்டது. ஒரு குளிர்காலம் அடைபட்டிருந்த ஒலி ஒரே முறையில் வெளிவந்தபோது ஏரிக்கரைப் பறவைகள் எல்லாம் எழுந்து பறந்தன. ஓதிலியாவின் பெயர் கூவப்பட்டது. மெழுகு முகத்தை உருக்கித் திரியிட்டார்கள். முடிசூட்டு விழாவுக்கு அந்த ஒளிதான்.

தேவியாரின் நட்போலையை அரசி ஓதிலியாவின் கையில் கொடுத்தேன். ஏற்றுக்கொண்டார். முத்திரையைத் தொட்டுப் பார்த்து, நன்றாக உலர்ந்திருக்கிறதே என்றார். கெர்வாஸுக்குச் சுங்கம் நிலைத்தது. கிண்ணம் ஏந்தும் உரிமை வேறொருவருக்குப் போயிற்று. இவை அரசியல் செய்திகள்.

இனி மற்றது. மாலையில் ரிக்கெந்தா சாவிகளை மேசைமேல் வைத்துவிட்டு, உடுத்திய ஆடையோடு கூடத்தைக் கடந்து நடந்தார். ஓதிலியா முதன்முறையாக அரியணையில் அமர்ந்திருந்தார். ரிக்கெந்தாவை அரண்மனையிலேயே இருக்கச் சொல்லி அவர் தம்மால் இயன்றவரை கேட்டதாகவும், ஒரே நாளில் இரண்டு வழக்கங்களை உடைத்தால் நாளை உன் முடியையும் எவராவது வழக்கம் பேசிப் பறிப்பார் என்று ரிக்கெந்தா மறுத்ததாகவும் பென்னோ சொன்னார். அமர்ந்திருக்கும் அரசர் எவர் முன்னும் எழுவதில்லை என்பது இந்நாட்டு விதி. அந்த அம்மையார் வாயிலைக் கடக்கும் வரை ஓதிலியா எழுந்தே நின்றார். அவையோரும் எழுந்தார்கள்.

படிக்கட்டில் அம்மையார் என்னை நிறுத்தி, எங்கள் கப்பல் எந்தக் காற்றில் புறப்படும் என்று மட்டும் கேட்டார்.

தேவியாரே, இவ்வோலையைத் தம் கையால் தேவியாரிடம் நீட்டுபவர் அவரே. அவருக்குத் தமிழ் தெரியாது. அவரோடு கப்பலில் வரும் பென்னோ வழியில் கற்றுக்கொடுக்கும் சொற்களில் சில தவறானவையாக இருக்கக்கூடும், சிரிக்காதிருக்க வேண்டுகிறேன். இனிவரும் நட்போலைகளை ஓதிலியா அரசியின் பெயருக்கே எழுதுமாறும் விண்ணப்பிக்கிறேன்.

தேவியார் எனக்கு அளித்த சங்கு முத்திரையின் அதிகாரத்தால், ஆழித்துறைத் துறைத்தலைவருக்கும் அரண்மனை இருக்கைப் பொறுப்பாளருக்கும் தேவியாரின் பெயரால் இடும் கட்டளை இது. இந்த அம்மையார் கரையில் இறங்கும்போது எவர் மனைவி, எவர் தாய் என்று கேட்க வேண்டாம். உடை, உணவு, இல்லம் எல்லாம் பின்னர் ஆகட்டும். முதலில் அவருக்கு ஓர் இருக்கை இடுக. எழுந்து போகச் சொல்ல எந்நாளும் எவருக்கும் உரிமை இல்லாத இருக்கையாக அது இருக்கட்டும்.

எழுதி, நூல் கோத்து, அரக்கில் சங்கு பதித்தேன். இதைக் கண்டவர் கண்டபடி செய்க, அறம் காக்க.